வேலூர் உப்புத் தண்ணீரும் காலி செய்கிற வீடும்

கல்யாணமாகி 17 வருஷத்தில் நான்கு வாடகை வீடுகளைக் காலி செய்திருக்கிறேன். கொசப்பேட்டை, வேலப்பாடி, அப்புறம் சத்துவாச்சாரியில் இரண்டு. சாமான் கட்ட எல்லோருக்கும் தெரியும். வீட்டைக் கழுவிக் கொடுக்கிற விஷயத்தில்தான் அட்வான்ஸில் கை வைக்கிறார்கள். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் முதல் வேலை உப்புக் கறை. போர் தண்ணீர் புழங்கிய வீடு என்றால் குழாய், ஷவர், பக்கெட் வைக்கிற இடத்து டைல்ஸ் எல்லாம் வெள்ளை பூத்துப் போயிருக்கும். அது பெரும்பாலும் சுண்ணாம்புதான். தண்ணீர் காயக் காய ஏடு ஏடாகப் படிந்து இறுகியது, ஒரே நாளில் தேய்த்தால் போகாது. பத்து நாள் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். மளிகைக் கடையில் லெமன் சால்ட் கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் மூன்று மேசைக்கரண்டி கரைத்து, பழைய பனியன் துணியை நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி அரை மணி நேரம் விடுங்கள். ஷவரைக் கழற்ற வராவிட்டால் பாலித்தீன் பையில் அந்தத் தண்ணீரை ஊற்றி, ஷவர் முங்குகிற மாதிரி ரப்பர் பேண்டு போட்டுவிடலாம். பிறகு பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பல வருஷக் கறைக்கு மூன்று நான்கு தடவை ஆகும். பொறுமையாகச் செய்தால் குழாயின் பளபளப்பு கெடாமல் கறை மட்டும் வரும்.

அவசரப்பட்டு ஆசிட்டுக்குப் போகாதீர்கள். கொசப்பேட்டை வீட்டில் நான் அதைத்தான் செய்தேன். தெருவில் வந்த ஆசிட் பாட்டிலை வாங்கி பாத்ரூமில் ஊற்றினேன், கறை போனது. அதே கையோடு சமையல் மேடையிலும் கொஞ்சம் விட்டேன். கடப்பாக் கல் பொசுபொசுவென்று நுரைத்தது. கழுவிப் பார்த்தால் கறுப்புக் கல்லில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. கடப்பாக் கல்லும் சுண்ணாம்புக் கல் வகைதான், கறையைக் கரைக்கிறது கல்லையும் கரைத்துவிடும். வீட்டுக்கார அம்மா அட்வான்ஸில் 4,000 ரூபாய் பிடித்துக்கொண்டார். கல் போனது போனதுதான், நான் ஒன்றும் சொல்லவில்லை. கடப்பா, மார்பிள், மொசைக் இந்த மூன்றிலும் ஆசிட் மட்டும் இல்லை, லெமன் சால்ட், புளி, எலுமிச்சம்பழம் எதுவும் படக்கூடாது. சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும்.

அதைவிட முக்கியமான ஒன்று. ஆசிட்டோ டாய்லெட் கிளீனரோ ஊற்றிய இடத்தில் ப்ளீச்சிங் பவுடர் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. வேலைக்கு ஆள் வைத்திருந்தால் அவர்களிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சமையலறைப் பிசுக்குக்கு எங்கள் வெயிலே துணை. மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டித் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் வரும். அந்த நேரத்தில் பாத்திர சோப்பைக் கலந்து அடுப்புக்குப் பின்னால் இருக்கிற டைல்ஸைத் துடைத்தால் எண்ணெய் இளகி வரும். எக்ஸாஸ்ட் ஃபேனைத் தொடும் முன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். இறக்கை அலுமினியமாக இருந்தால் சலவை சோடா வேண்டாம், கறுத்துப் போகும்.

ஒட்டடை, பரண், மின்விசிறி, பிறகு தரை என்று மேலிருந்து கீழே வாருங்கள். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் விட்டால் பசையோடு வந்துவிடும். நகத்தால் சுரண்ட வேண்டாம். டிஸ்டெம்பர் சுவரை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால் திட்டு விழும், காய்ந்த துணி போதும். காலண்டர் ஆணி பிடுங்கிய ஓட்டையில் வால் புட்டி அடைத்துவிடலாம். வாசல்படியில் பெயிண்டில் போட்ட கோலத்தைச் சுரண்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வேலப்பாடி அம்மா, “அது இருக்கட்டும்மா, வர்றவங்களுக்கும் அழகா இருக்கும்” என்றார். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது பல இடத்தில் பழக்கம். முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிற தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, ஸ்விட்ச் இதெல்லாம் நம் பொறுப்பு. ஒழுகுகிற குழாய்க்கு நாமே வாஷர் மாற்றிவிட்டால் அங்கே பேச்சுக்கு இடமில்லை. அட்வான்ஸை, நம் பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

சாமான் வண்டி போன பிறகு, பகல் வெளிச்சத்தில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அறை அறையாகச் சேர்ந்து பாருங்கள். எல்லா அறையையும் ஈபி மீட்டரையும் போட்டோ எடுத்து அன்றைக்கே அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

பூட்டுகிற முன் பாத்ரூம், சமையலறை, பின்கட்டு என்று ஒவ்வொரு சாக்கடை ஜாலியிலும் அரை பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே நிற்கிற அந்தத் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. நம் வெயிலில் பூட்டிய வீட்டில் அது சீக்கிரம் வற்றிவிடும். அதனால் ஊற்றிய கையோடு ஜாலி மேல் ஒரு பாலித்தீன் தாளை விரித்து, செங்கல்லை வைத்துவிட்டு வாருங்கள்.