மோசமான நாளை வைத்து அளவெடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் 30 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். முடக்குவாதம் வந்து 11 வருடம் ஆகிறது. இது தேய்மானத்தால் வரும் மூட்டுவலி அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுகளைப் பகையென்று நினைத்துத் தாக்கும் நோய். முதல் வருடம் வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. ஆனால் எடை 58 கிலோவிலிருந்து 71 கிலோவுக்கு ஏறியது. அந்த ஒரு வருடத்தில் என் ரவிக்கைகளை மூன்று முறை தையல் பிரித்து விட்டேன். மூன்றாவது முறை, உள்ளே விட்டுத் தைத்திருந்த துணியே தீர்ந்துபோனது.

இப்போது 64 கிலோ. இறங்குவதற்கு இரண்டரை வருடம் பிடித்தது. சர்க்கரை, தைராய்டு, முழங்கால் வலி என்று ஏதோ ஒன்றோடு வாழும் பெண்கள் அளவு கொடுக்க வரும்போது எப்படிக் குறைத்தாய் என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் செய்த பெரிய தவறிலிருந்து தொடங்குகிறேன். வலி குறைந்த நாள் வந்தால் போதும், விட்டதையெல்லாம் பிடித்துவிட வேண்டும் என்று பாய்வேன். வீட்டைக் கழுவுவேன், துணி துவைப்பேன், மாலையில் நாலு கிலோமீட்டர் நடப்பேன். மறுநாள் கட்டிலை விட்டு எழ முடியாது. நாலு நாள் படுத்தே கிடப்பேன். பிறகு ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். நோயைச் சொன்ன பிறகும், வியர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி முதல் நாளே படி ஏறி இறங்க வைத்தார் பயிற்சியாளர். இரண்டு முழங்காலும் இட்லிச்சட்டிபோல் வீங்கின. அந்த மாதப் பணம் போனதைவிட, இனி நம்மால் எதுவும் ஆகாது என்று மனம் ஒடிந்ததுதான் பெரிய நஷ்டம்.

ஆகவே முதல் இரண்டு வாரம் உடற்பயிற்சியே வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காலையில் எழுந்ததும் விரல்களும் மூட்டுகளும் எத்தனை நிமிடம் இறுகியிருந்தன, அன்று எவ்வளவு நடந்தீர்கள், மறுநாள் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். 14 நாளில் எது மிக மோசமான நாள் என்று பாருங்கள். அந்த நாளிலும் உங்களால் நடக்க முடிந்த அளவு எதுவோ, அதுதான் உங்கள் தொடக்கம். எனக்கு அது நாலு நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று முறை, நாலு நாலு நிமிடம். நல்ல நாளிலும் அதேதான், கூட்டக் கூடாது. நல்ல நாளில் நிறுத்துவதுதான் மிகக் கடினம். எனக்கு அழுகையே வந்திருக்கிறது.

ஒரு வாரம் அப்படியே தாங்கினால் ஒவ்வொரு நடைக்கும் ஒரு நிமிடம் கூட்டுங்கள். நடந்து இரண்டு மணி நேரம் கழித்தும், நடப்பதற்கு முன் இருந்ததைவிட வலி அதிகமாக இருந்தால் அன்று செய்தது கூடுதல். அடுத்த நாள் குறைத்துக்கொள்ளுங்கள். வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நாட்பட்ட நோய் உள்ளவர்களும் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நான் அந்த 150-ஐத் தொட 14 மாதம் ஆனது. அதுவரை நடந்த நடையெல்லாம் வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சமாவது நடப்பது நடக்காமல் இருப்பதைவிட நல்லது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

நேரமும் முக்கியம். விடிகாலை நடையைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். முடக்குவாதக்காரர்களுக்கு அது ஒத்துவராது. இறுக்கம் விட எனக்குக் காலை பத்து மணி ஆகும். வெந்நீரில் கைகால்களை வைத்து எடுத்துவிட்டுப் பத்தரைக்கு ஒரு நடை, மாலை நாலரைக்கு ஒரு நடை. சனிக்கிழமை இரவு, நோயை அடக்க வாரம் ஒரு முறை போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எனக்கு. மறுநாள் உடம்பு அசந்து கிடக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமையை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

எங்கே நடப்பது? எங்கள் பகுதி முழுக்க ஏற்ற இறக்கம். வீட்டு வாசலிலிருந்து ரோட்டுக்கு வருவதற்குள் முழங்கால் பேசத் தொடங்கிவிடும். நான் கண்டுபிடித்த சமதளம் சானல் கரை. தண்ணீர் ஓடுவதற்காக வெட்டியது என்பதால் சரிவு கண்ணுக்கே தெரியாது, நிழலும் உண்டு. மாதம் ஒரு முறை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போவோம். பறளியாற்றுக்கு மேலே 28 தூண்களின் மீது 115 அடி உயரத்தில் சானல் தண்ணீர் போகும் பாலம். பக்கத்திலேயே நடைபாதை, பிடித்துக்கொள்ளச் சுவர், வண்டித் தொல்லை இல்லை. கீழே ஆற்றுக்கு இறங்கும் படிகளை மட்டும் நான் தொடுவதில்லை. கடற்கரைக்குப் போனால் காய்ந்த மணலில் நடக்காதீர்கள். ஒவ்வோர் அடிக்கும் கணுக்கால் புரளும்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இரண்டும் எங்களுக்கு உண்டு. மழைக்கு ஓர் இடம் வைத்துக்கொள்ளாவிட்டால் வருடத்தில் பாதி நடை போய்விடும். ஆதிகேசவப் பெருமாள் கோயிலின் நீண்ட கல் மண்டபம் மழைக்கு ஏற்றதுதான், ஆனால் பாத மூட்டுகளில் நோய் இருப்பவர்களுக்கு வெறுங்காலோடு கருங்கல்லில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. நான் கடைக்கும் அடுக்களைக்கும் இடையே உள்ள இடைவழியில், கனமான அடியுள்ள செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறேன். 22 அடி நீளம், 40 முறை போய்வருகிறேன்.

வேலையிலும் ஒரு வழி வைத்திருக்கிறேன். கணுக்காலுக்காக மிஷினுக்கு மோட்டார் மாட்டிய பிறகு மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தேன். இப்போது பாபினில் நூல் தீரும்போதெல்லாம் எழுந்து வாசல் வரை போய் வருகிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை ஆகிவிடும். உங்கள் வேலையிலும் இப்படித் தானாக வரும் ஓர் இடைவெளி இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நடை மட்டும் போதாது. ஸ்டீராய்டு தொடைத் தசைகளை மெலிய வைக்கும், எலும்பையும் பலவீனமாக்கும். கையுள்ள நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரமாக்கி, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். ஐந்து முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுலபமானதும் தலையணையை எடுத்துவிடுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் மூட்டுகள் தாங்கும் எடை ஏறத்தாழப் பாதியாகிவிடும். கோடையில் நாத்தனாரோடு குளத்தில் இறங்கி அங்கேயே நடப்பேன். படித்துறைப் பாசி வழுக்கும், தனியாக இறங்காதீர்கள்.

மூட்டு சூடாகி, சிவந்து, வீங்கும் நாட்களில் இதெல்லாம் கிடையாது. அந்த மூட்டை அழுத்தித் தடவவும் விடாதீர்கள். படுத்தபடியே ஒவ்வொரு மூட்டையும் வலி தொடங்கும் இடம் வரை மெல்ல மடக்கி நீட்டினால் போதும். காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சு முட்டல் வந்தால் மருத்துவரிடம் போங்கள். எடை கூடுகிறது என்று ஸ்டீராய்டைத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் சொல்லித்தான். மெத்தோட்ரெக்சேட் போடுகிறவர்கள் எடை குறைக்கும் பொடிகளின் பக்கமே போகாதீர்கள். அந்த மாத்திரையால் ஏற்கெனவே ஈரலைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டிய உடம்பு நமக்கு.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது, ஏனென்றால் எடை கூடியது நடக்காததால் மட்டுமல்ல. ஸ்டீராய்டு தரும் பசி சாதாரணப் பசி அல்ல. நாலு மணிக்கு வயிற்றைப் பிறாண்டும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது ஏத்தங்காய் சிப்ஸும் பழ பஜ்ஜியும். மன உறுதியால் அந்தப் பசியை வெல்ல நான் பார்த்தேன், முடியவில்லை. இப்போது மூன்றரைக்கே அவித்த சிறுபயறு ஒரு கிண்ணம், கட்டன்சாயா ஒரு டம்ளர். பசி வரும் முன்னே சாப்பிட்டுவிடுவதுதான் தந்திரம்.

மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) விடச் சொன்னால் எங்கள் ஊரில் யார் கேட்பார்கள்? நானும் விடவில்லை. 100 கிராம் கிழங்கில் ஏறத்தாழ 160 கலோரி, அதே அளவு சோற்றில் 130. கிழங்கு அவித்த நாளில் சோறு வடிப்பதில்லை, அவ்வளவுதான். கூடவே மீன்கறி நிறைய. சாளை (மத்தி) மீனின் கொழுப்பு வீக்கத்துக்கு ஓரளவு நல்லது, முள்ளோடு தின்னும் நெத்திலியில் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்கிறது. தேங்காயை அரைமூடியிலிருந்து கால்மூடியாக்கினேன். முதல் வாரம் வீட்டில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டது. கருவாடு, பப்படம், ஊறுகாய் மூன்றும் கல்யாண வீட்டில் மட்டும். ஸ்டீராய்டோடு உப்பும் சேர்ந்தால் உடம்பில் நீர் கட்டும்.

“உடம்பு முடியவில்லை என்றால் கிடக்க வேண்டியதுதானே, மதினி?” என்று நாத்தனார் முதலில் கேட்டாள். படுத்தே கிடந்தால் தசை கரையும், மூட்டைத் தாங்க ஆளில்லாமல் போகும், எடை ஏறும். எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது முழங்காலில் விழும் பாரம் ஒவ்வோர் அடிக்கும் ஏறத்தாழ நாலு கிலோ குறையும் என்று அவளுக்கு விளக்கினேன். அவளுக்குச் சர்க்கரை. இப்போது நாலரைக்கு அவள்தான் முதலில் வந்து வாசலில் நிற்கிறாள்.

எடை மிஷினை நான் மாதம் ஒரு முறைதான் பார்க்கிறேன். உடம்பில் நீர் கட்டினால் இரண்டு கிலோ ஏறும், வடிந்தால் இறங்கும். அதைத் தினமும் பார்த்தால் மனம்தான் கெடும். என் நம்பிக்கை இஞ்ச் டேப்பின் மீது. முதல் தேதி காலையில், சாப்பிடும் முன், மூச்சை விட்டுவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு உள்ளேயும் ஆண்களுக்கு 90-க்கு உள்ளேயும் இருப்பது நல்லது. நான் 97-இல் தொடங்கினேன். இந்த மாதம் 87. போன வாரம்தான் அந்தப் பழைய நீல ரவிக்கையை எடுத்து, பிரித்துவிட்ட மூன்று தையலில் இரண்டைத் திரும்பப் பிடித்தேன்.