கிராங்க் பேரிங் வாங்குவதற்கு முன்: ஜிப்ஸி என்ஜினை வைத்து ஒரு செய்முறை

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், என்ஜினின் சுழல் தண்டான கிராங்க்குக்குப் பேரிங் கேட்டால் கவுன்டரில் நிற்பவர் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "ஸ்டாண்டர்டா, அண்டர்சைஸா?" ஸ்டாண்டர்ட் என்றால் கம்பெனி அளவு கிராங்க்குக்கானது, அண்டர்சைஸ் என்றால் அரைத்துச் சிறுத்த கிராங்க்குக்கான தடித்த பேரிங். முதல்முறையாக என்ஜினைப் பிரித்துப் போட்டவர்கள் முழிப்பது இந்த இடத்தில்தான். "ஒரு செட் குடுங்க, போட்டுப் பாத்துக்கிறேன்" என்று வாங்கி வந்துவிடுவார்கள். போட்டால் உட்காரவும் செய்யும், அதுதான் சிக்கல். கொஞ்சம் தளர்வான பேரிங்கும் தன் இடத்தில் அழகாக உட்காரும், போல்ட் இறுகும், என்ஜின் ஸ்டார்ட் ஆகும். அடியில் டொக் டொக் என்று சத்தம் கேட்கத் தொடங்கும்போது கிராங்க்கும் சேர்ந்து வீணாகியிருக்கும்.

அதனால் பேரிங்கைக் கடைசியில்தான் வாங்க வேண்டும். முதலில் பழையதைப் படிக்க வேண்டும், அப்புறம் அளக்க வேண்டும். என்ன வாங்குவது என்பதை அந்த அளவுகளே சொல்லிவிடும்.

உதாரணத்துக்கு மாருதி ஜிப்ஸியின் 1.3 லிட்டர் ஜி13 என்ஜினை எடுத்துக்கொள்கிறேன். எஸ்டீமில் வந்ததும் இதே குடும்பம்தான். ஜிப்ஸி தயாரிப்பு 2019-இல் நின்றுவிட்டாலும், வைத்திருப்பவர்கள் விடுவதாக இல்லை. பேரிங் தேர்வைக் கற்றுக்கொள்ளவும் இது நல்ல என்ஜின். உங்கள் வண்டி வேறு என்றால் எண்களை அதன் சர்வீஸ் மேனுவலில் இருந்து எடுத்துக்கொள்ளுங்கள், வேலையின் வரிசை இதேதான்.

எத்தனை பேரிங், எங்கே?

சக்கரத்தில் இருப்பது போன்ற உருளை பேரிங் அல்ல இது. பாதி வளையமாக வளைத்த மெல்லிய தகடு, இரண்டு சேர்ந்தால் ஒரு வட்டம். நான்கு சிலிண்டர் ஜி13-இல் கிராங்க்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங் ஐந்து ஜோடி. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கான்ராடின் அடிப்பக்கத்தில் பிக் எண்ட் பேரிங் நான்கு ஜோடி. இவை தவிர, கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்க நடு ஜர்னலில் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க்கின் உருண்டைப் பகுதிதான் ஜர்னல்) இரண்டு த்ரஸ்ட் பேரிங்.

ஓடும் என்ஜினில் கிராங்க் இந்தத் தகட்டைத் தொடுவதில்லை, நடுவே ஆயில் படலம் தாங்குகிறது. அந்தப் படலத்துக்கான இடைவெளியைத்தான் ஆயில் கிளியரன்ஸ் என்கிறோம். ஜி13 மெயின் பேரிங்குக்கு அது 0.020 முதல் 0.040 மி.மீ. வரை, 0.060-ஐத் தாண்டினால் மாற்ற வேண்டும். பிக் எண்டுக்கு 0.020 முதல் 0.050, எல்லை 0.080. நம் தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 0.07 மி.மீ. இருக்கும்.

இடைவெளி குறைந்தால் ஆயில் உள்ளே போக இடமில்லாமல் சூடேறி ஒட்டிக்கொள்ளும். கூடினால் ஆயில் பக்கவாட்டில் வழிந்து பிரஷர் இறங்கும். அப்படி இறங்கும்போது கெட்டியான ஆயிலை ஊற்றி, டேஷ்போர்டில் எரியும் ஆயில் லைட்டை அணைய வைக்கும் வைத்தியம் ஒன்று உண்டு. வண்டியை விற்பவருக்குத்தான் அது உதவும்.

முதல் படி: பழைய பேரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள்

பிரிக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் பின்புறம் மார்க்கரால் இடத்தை எழுதுங்கள்: மெயின் 1 மேல், மெயின் 1 கீழ் என்று. பேரிங்கின் கீழ்ப் பாதியை போல்ட்டால் பிடிக்கும் மூடிகளான கேப்களையும் இடம், திசை மாறாமல் வரிசையாக வையுங்கள். பிறகு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

பிஸ்டனை எரியும் வாயு கீழே தள்ளுவதால் பிக் எண்டில் மேல் பாதியும், மெயினில் கீழ் பாதியும் அதிகம் தேய்ந்திருக்கும். அது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். வட்டமாக ஓடும் கீறல்களும், மேற்பரப்பில் பதிந்த கருந்துகள்களும் இருந்தால் ஆயிலில் அழுக்கு. ஒரு ஓரம் மட்டும் பளபளத்தால் கான்ராட் வளைந்திருக்கலாம், அல்லது ஜர்னல் ஒரு பக்கம் சிறுத்திருக்கலாம். ஐந்து மெயினில் நடுவில் இருப்பவை மட்டும் மோசமாகத் தேய்ந்திருந்தால் கிராங்க் வளைவைச் சந்தேகியுங்கள். மேற்பூச்சு இழுபட்டு ஓரத்தில் வழிந்திருந்தால் ஆயில் போய்ச் சேரவில்லை. இந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய பேரிங் போட்டால், அதுவும் அதே கதிக்குத்தான் போகும்.

பின்புறத்தையும் பாருங்கள். பிக் எண்ட் பேரிங்கில் யுஎஸ்025 என்று அடித்திருந்தால் கிராங்க் ஏற்கெனவே ஒருமுறை கிரைண்டிங் (ஜர்னலைச் சிறிதாக அரைப்பது) ஆகியிருக்கிறது. மாருதியின் ஸ்டாண்டர்ட் பேரிங்கில் அந்த இடத்தில் எண் இருக்காது. பழைய வண்டி வாங்கியவர்கள் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: கிராங்க்கை அளப்பது

வெர்னியரை உள்ளே வையுங்கள். அதில் படிக்க முடிந்த மிகச் சின்ன அளவே 0.02 மி.மீ., நாம் தேடும் இடைவெளி மொத்தமும் அதற்குள் காணாமல் போய்விடும். 25–50 மி.மீ. மைக்ரோமீட்டர் வேண்டும், 0.001 வரை படிப்பதாக இருக்க வேண்டும். சொந்தமாக இல்லையென்றால் நல்ல லேத் பட்டறையில் அளந்து கொடுப்பார்கள். பக்கத்திலேயே நின்று எண்களை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். "நல்லாத்தான் இருக்கு" என்பது அளவு ஆகாது.

இதில் பலரும் கவனிக்காதது சூடு. 45 மி.மீ. எஃகு, 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.005 மி.மீ. பெருக்கும். ஜி13-இல் ஜர்னலின் ஒரு கிரேடுக்கும் (அளவுப் பிரிவு, நான்காம் படியில் வரும்) அடுத்ததற்கும் உள்ள வித்தியாசமே 0.006 தான். வெயிலில் கிடந்த கிராங்க்கை ஏசி அறையில் இருந்து எடுத்த மைக்ரோமீட்டரால் அளந்தால் கிட்டத்தட்ட ஒரு கிரேடு தள்ளிப் போய்விடும். இரண்டையும் ஒரு ராத்திரி ஒரே அறையில் வைத்துவிட்டுக் காலையில் அளப்பது நல்லது. அளக்கும் முன் கூடவே வரும் 25 மி.மீ. கம்பியை வைத்து ஜீரோ சரிபாருங்கள்.

ஒவ்வொரு ஜர்னலிலும் நான்கு அளவு எடுங்கள்: முன் ஓரம், பின் ஓரம், இரண்டு இடத்திலும் குறுக்காக இரண்டு திசை. ஆயில் ஓட்டையின் மேல் வைக்காதீர்கள். திசைக்குத் திசை வித்தியாசம் வந்தால் வட்டம் கெட்டிருக்கிறது. ஓரத்துக்கு ஓரம் வந்தால் சரிந்திருக்கிறது. இரண்டுக்கும் எல்லை 0.01 மி.மீ. மெயின் ஜர்னலின் ஸ்டாண்டர்ட் அளவு 44.982 முதல் 45.000 வரை. நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள், கீறலில் நகம் மாட்டினால் அளவு சரியாக இருந்தாலும் அப்படியே ஓட்டக் கூடாது.

நடு ஜர்னலில் டயல் கேஜ் வைத்துக் கிராங்க்கைச் சுற்றி வளைவையும் பார்த்துவிடுங்கள். 0.06 மி.மீ. வரை விடலாம்.

மூன்றாம் படி: பிளாக் பக்கம்

பேரிங் போடாமல் கேப்பை மட்டும் மாட்டி, மேனுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு விசை) இறுக்கி, உள்விட்டத்தைப் போர் கேஜால் அளக்க வேண்டும். பேரிங் தன் இடத்தில் சுழன்றுபோன என்ஜின் என்றால் இதைத் தவிர்க்கவே முடியாது. துளை பெரிதாகியிருந்தால் எந்த பேரிங்கும் அங்கே இறுக்கமாக நிற்காது, எல்லாத் துளைகளையும் ஒரே நேர்கோட்டில் மறுபடி கடையும் லைன் போரிங் தேவைப்படும்.

நான்காம் படி: நிறத்தைப் பிடிப்பது

ஜி13-இன் ஸ்டாண்டர்ட் மெயின் பேரிங் ஒரே தடிமனில் வருவதில்லை. ஐந்து தடிமன், பக்கவாட்டில் ஐந்து அடையாளம். மெல்லியதில் தொடங்கினால் பச்சை, கறுப்பு, நிறமில்லாதது, மஞ்சள், நீலம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் 0.003 மி.மீ.

எது எங்கே என்பதற்கான குறிப்பு என்ஜினிலேயே இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கான கிராங்க் வெப்பில் (ஜர்னல்களை இணைக்கும் தட்டையான பகுதி) ஐந்து எண்கள் அடித்திருக்கும், ஜர்னலுக்கு ஒன்று. 1 என்றால் 44.994 முதல் 45.000 வரை, 2 என்றால் 44.988 முதல் 44.994, 3 என்றால் 44.982 முதல் 44.988. பிளாக்கில் கேப் உட்காரும் முகத்தில் ஐந்து எழுத்துகள் இருக்கும். ஏ சிறிய துளை, சி பெரிய துளை.

ஜர்னல் சிறுத்தாலும் துளை பெரிதானாலும் பேரிங் தடிக்க வேண்டும், கணக்கு அவ்வளவுதான். 1-ம் ஏ-யும் சேர்ந்தால் பச்சை. அங்கிருந்து எந்தப் பக்கம் ஒரு படி நகர்ந்தாலும் அடுத்த நிறம். 3-ம் சி-யும் சேர்ந்தால் நீலம்.

கிராங்க்கில் 1 2 2 1 2 என்றும், பிளாக்கில் பி ஏ பி பி சி என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ஜர்னல் 1-பி, கறுப்பு. இரண்டாவது 2-ஏ, அதுவும் கறுப்பு. மூன்றாவது 2-பி, நிறமில்லாதது. நான்காவது கறுப்பு. ஐந்தாவது 2-சி, மஞ்சள். ஆக ஒரே என்ஜினில் மூன்று நிறம், அது சாதாரணம். எல்லாம் ஒரே நிறமாக இருந்தால்தான் சரி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஆனால் அடித்திருக்கும் எண் புதிய கிராங்க்குக்கானது. ஓடித் தேய்ந்த ஜர்னலில் 1 என்று இருந்து மைக்ரோமீட்டர் 44.990 காட்டினால் அதை 2 ஆகத்தான் எடுக்க வேண்டும். 44.982-க்குக் கீழே போய்விட்டால் நிறத்தை மறந்துவிடுங்கள், கிரைண்டிங்தான்.

ஐந்தாம் படி: கிரைண்டிங் போவதென்றால்

அண்டர்சைஸ் பேரிங் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், அப்புறம் கிராங்க்கை லேத்துக்குக் கொடுங்கள். தலைகீழாகச் செய்துவிட்டு, அரைத்த கிராங்க்கோடு கடை கடையாக ஏறி இறங்குவது அடிக்கடி நடக்கிறது. பொதுவாக அண்டர்சைஸ் 0.25, 0.50, 0.75 என்று போகும். அங்குலக் கணக்கில் பத்து தௌ, இருபது தௌ, முப்பது தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எல்லா என்ஜினுக்கும் எல்லாம் கிடைக்காது. ஜி13-க்கு மாருதியின் மேனுவல் சொல்வது 0.25 ஒன்றுதான்.

0.25-க்கு மெயின் ஜர்னலை 44.732 முதல் 44.750-க்குள்ளும், பிக் எண்ட் பின்னை (கான்ராட் மாட்டும் ஜர்னல்) 41.732 முதல் 41.750-க்குள்ளும் அரைக்க வேண்டும். இதைக் காகிதத்தில் எழுதிப் பட்டறையில் கொடுங்கள். "பத்து தௌ போடுங்க" என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. ஒரு மெயின் கெட்டிருந்தாலும் ஐந்தையும் ஒரே அளவுக்கு அரைப்பதுதான் முறை, பின்களும் அப்படியே. ஜர்னல் ஓரத்தில் இருக்கும் வளைவைச் செங்கோணமாக அரைத்துவிடக் கூடாது, கிராங்க் விரிசல் விடத் தொடங்குவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். அரைத்துப் பாலிஷ் போட்டு வந்த கிராங்க்கின் ஆயில் ஓட்டைகளுக்குள் பொடி அடைந்திருக்கும். ஓட்டைக்குள் நுழையும் பிரஷ், மண்ணெண்ணெய், காற்று மூன்றையும் போட்டு வெள்ளைத் துணியில் கறை படியாமல் போகும்வரை கழுவுங்கள்.

மாருதியின் அண்டர்சைஸ் மெயினிலும் அதே ஐந்து கிரேடு உண்டு. கூடவே ஒரு சிவப்புக் குறி இருக்கும், சிவப்பு மட்டும் இருந்தால் அது நடு கிரேடு. வெளி பிராண்டுகளின் பெட்டியில் நிறப் பிரிவு பெரும்பாலும் இருக்காது. அதில் தப்பில்லை, ஆனால் ஆறாம் படியில் வரும் பிளாஸ்டிகேஜ் சோதனையைத் தவிர்க்க முடியாது.

எந்த உலோகம்?

இதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். எஃகுத் தகட்டின் மேல் அலுமினியம்-வெள்ளீயக் கலவை இருந்தால் பைமெட்டல். எஃகு, அதன்மேல் செம்புக் கலவை, அதற்கும் மேலே 0.02 மி.மீ. அளவில் மென்மையான பூச்சு இருந்தால் ட்ரைமெட்டல். பழைய பேரிங்கில் செம்பு நிறம் தெரிந்தால், ட்ரைமெட்டலின் மேற்பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். ட்ரைமெட்டல் அதிக பாரம் தாங்கும், டர்போ, ரேஸ் வேலைகளுக்கு அதைத் தேடுவார்கள். சாதாரணமாக ஓடும் ஜிப்ஸிக்குப் பைமெட்டல் தாராளம். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், கோவையில் தொழிற்சாலை வைத்திருக்கும் அமால்கமேஷன்ஸ் குழுமத்துப் பைமெட்டல் பேரிங்ஸ் ஒரு கம்பெனி. எந்த பிராண்டானாலும் பில் போட்டு வாங்குங்கள், போலி அதிகம் புழங்கும் சாமான் இது.

ஆறாம் படி: பிளாஸ்டிகேஜ்

ஜர்னல், பேரிங், தகட்டின் பின்புறம் எல்லாவற்றையும் துடைத்து ஆயில் இல்லாமல் ஆக்குங்கள். கிராங்க்கை இறக்குங்கள். மெழுகு நூல் போன்ற பிளாஸ்டிகேஜ் துண்டை ஜர்னலின் நீளவாக்கில், ஆயில் ஓட்டையைத் தவிர்த்து வையுங்கள். கேப்பை மாட்டி முழு டார்க்கில் இறுக்குங்கள். கிராங்க்கைச் சுற்றக் கூடாது, அரை அங்குலம் நகர்ந்தாலும் நூல் தேய்ந்து அளவு பொய்யாகிவிடும். கேப்பைக் கழற்றி, நசுங்கிய நூலின் அகலமான இடத்தை உறையில் அச்சிட்ட அளவுகோலோடு ஒப்பிடுங்கள். அகலம் கூடினால் இடைவெளி குறைவு என்று பொருள், இதைத் தலைகீழாகப் படிப்பவர்கள் உண்டு.

மெயினில் 0.020-க்கும் 0.040-க்கும் நடுவே வந்தால் முடிந்தது. வெளியே போனால் ஒரு நிறம் மேலோ கீழோ மாற்றி மறுபடி பாருங்கள். கேப்பின் முகத்தை அரத்தால் தேய்த்து இடைவெளியைக் குறைக்கும் பழைய கைவேலை வேண்டவே வேண்டாம். துளையின் வட்டம் அதோடு போய்விடும்.

ஏழாம் படி: த்ரஸ்ட், கடைசிப் பொருத்தல்

கிராங்க்கை ஸ்க்ரூடிரைவரால் முன்னும் பின்னும் நெம்பி டயல் கேஜில் பாருங்கள். 0.11 முதல் 0.31 மி.மீ. வரை ஆட்டம் இருக்கலாம், எல்லை 0.38. தாண்டினால் ஓவர்சைஸ் (தடித்த) த்ரஸ்ட் கிடைக்கும். அதன் பள்ளம் வெட்டிய முகம் கிராங்க் வெப்பைப் பார்த்து இருக்க வேண்டும்.

மெயின் பேரிங்கில் பள்ளம் உள்ள பாதி பிளாக்குக்கு, பள்ளம் இல்லாதது கேப்புக்கு. தகட்டின் ஓட்டையும் பிளாக்கின் ஆயில் ஓட்டையும் நேராக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தகடு உட்காரும் துளையிலும் அதன் பின்புறத்திலும் ஒரு சொட்டு ஆயில் கூடாது, உள்முகத்தில் மட்டும் தாராளமாகத் தடவுங்கள். கேப்பை வைக்கும் முன் தகட்டின் நுனி பிளவு முகத்துக்கு மேலே மயிரிழை துருத்திக்கொண்டிருக்கும். அதைத் தேய்த்துச் சமமாக்கிவிடாதீர்கள், கேப் இறுகும்போது அந்த நுனி நசுங்கித்தான் தகடு துளையில் ஒட்டி நிற்கும்.

ஒவ்வொரு கேப்பை இறுக்கியதும் கிராங்க்கைக் கையால் சுற்றுங்கள். நான்காவது கேப்வரை லேசாகச் சுற்றி, ஐந்தாவதில் பிடித்தால் தப்பு ஐந்தாவதில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு தேடினால் எது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலும் பிளக்குக்கான கரன்டும் போகாதபடி துண்டித்துவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரை ஓட்டுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்புக் காகிதத்தை விரித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு மினுமினுப்பு இருக்கத்தான் செய்யும். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ செதில் செதிலாக இருந்தால் வண்டியை மேலே ஓட்டாமல் ஆயில் பேனைக் கழற்றுங்கள்.