ரூ ஸ்ரோக் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலும் ஒயிலும் கலக்கும்போது

யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடுகின்ற பழைய ரூ ஸ்ரோக் (பெற்றோலோடு ஒயிலும் சேர்ந்து எரியும் எஞ்சினுள்ள) மோட்டார் சைக்கிள்களில் பல, கண்மதிப்பில் ஒயில் ஊற்றுவதால்தான் பழுதாகின்றன. வண்டியின் கைநூல் 50க்கு 1 என்று கூறினால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றரும், 25க்கு 1 என்று கூறினால் 40 மில்லிலீற்றரும் 2ரி ஒயில் (ரூ ஸ்ரோக் எஞ்சினுக்கான ஒயில்) சேர்க்க வேண்டும். மருந்துக் கடையில் வாங்கும் ஊசியில்லாத சிறிஞ்ச் இதற்குப் போதுமான அளவுகருவி.

சுத்தமான கானில் முதலில் பாதிப் பெற்றோலை விட்டு, ஒயிலைச் சேர்த்து, மூடிக் குலுக்கிய பின்னரே மீதியை ஊற்றுங்கள். ஒயிலை நேரே தாங்கிக்குள் ஊற்றினால் அது அடியில் தங்கி, குழாய் வழியாகத் தடிப்பாக இறங்கி, எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக்கை நனைத்துவிடும்.

ஒயில் குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் கூடினாலும் கெடுதிதான்: புகையும் கரியும் பெருகுவதோடு, அதே அளவு காற்றுக்குச் செல்லும் பெற்றோலின் பங்கு குறைவதால் எஞ்சின் வழமையைவிடச் சூடாகவும் ஓடக்கூடும். ஆகவே பரந்தன் வரை வெயிலில் விரைந்து ஓட்டப் போகிறோம் என்று ஒயிலைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவது பாதுகாப்பன்று. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி கோப்பி நிறமாயிருந்தால் கலவை சரி, ஈரக் கறுப்பாயிருந்தால் ஒயில் கூடியிருக்கலாம்.

நான்கு ஸ்ரோக் எஞ்சின் ஒயிலை ஒருபோதும் கலக்க வேண்டாம்; அது சுத்தமாக எரியாது. தனி ஒயில் தாங்கியும் பம்பும் உள்ள வண்டிகளுக்கு, அந்தப் பம்ப் ஒழுங்காக வேலை செய்யும்வரை, பெற்றோலில் ஒயில் கலக்கவே தேவையில்லை.