பைத்தானில் ஐபி முகவரிகளைக் கையாளுவது எப்படி?

சர்வர் பதிவுக் கோப்பில் இருக்கும் ஐபி முகவரிகளில் எவை நம் அலுவலக வலையமைப்பைச் சேர்ந்தவை என்று பிரிக்க வேண்டும். அலுவலகத்தின் வலையமைப்பு 192.168.1.0/24 என்று வைத்துக்கொள்வோம். /24 என்றால் முகவரியின் முதல் 24 பிட் வலையமைப்பைக் குறிக்கிறது, மீதி அதிலுள்ள கணினிகளுக்கு. முகவரி "192.168.1" என்று தொடங்குகிறதா எனப் பார்த்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 192.168.10.5, 192.168.150.7 ஆகியவையும் அப்படித்தான் தொடங்குகின்றன! கடைசியில் ஒரு புள்ளியைச் சேர்த்தால் இப்போதைக்குத் தப்பிக்கலாம். நாளை வலையமைப்பை /26 என்று சுருக்கினால் அந்தப் புள்ளியும் உதவாது.

ஐபி பதிப்பு 4 முகவரி என்பது 32 பிட் எண். புள்ளி வைத்து நான்கு துண்டாக எழுதுவது நாம் படிப்பதற்காகத்தான். அதை எண்ணாகவே நடத்தும் ஐபிஅட்ரஸ் என்ற நூலகம் பைத்தான் 3.3 முதல் கூடவே வருகிறது; தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். பைத்தானுக்கு உரிய சொற்களை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். முகவரி, வலை போன்ற மாறிப் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம்; பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

படி 1: முகவரியை உருவாக்குதல்

இம்போர்ட் ஐபிஅட்ரஸ்
முகவரி = ஐபிஅட்ரஸ்.ஐபி_அட்ரஸ்("192.168.1.10")

நூலகத்தின் பெயர் ஒரே சொல். செயற்கூற்றின் பெயரில் மட்டும் நடுவில் கீழ்க்கோடு உண்டு. இன்ட்(முகவரி) என்று கேட்டால் 3232235786 வரும். முகவரி + 1 என்றால் 192.168.1.11 கிடைக்கும்.

"192.168.1.300" என்று கொடுத்தால் வேல்யூஎரர் பிழை எழும். அதை ட்ரை, எக்செப்ட் கொண்டு பிடித்தால் முகவரிச் சரிபார்ப்பு முடிந்தது. இதற்காக நீளமான ரெஜெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடும் சூத்திரம்) எழுதுவது வீண் வேலை. "192.168.1.010" போல முன்னால் சுழியம் வைத்த முகவரிகளையும் 3.9.5 பதிப்பு முதல் நூலகம் மறுக்கிறது. சில நிரல்கள் 010 என்பதை எட்டை அடிமானமாகக் கொண்ட முறையில் 8 என்று படிக்கும், சில 10 என்று படிக்கும். அந்தக் குழப்பம் பாதுகாப்பு ஓட்டையாகிவிடும்.

படி 2: வலையமைப்பை உருவாக்குதல்

வலை = ஐபிஅட்ரஸ்.ஐபி_நெட்வொர்க்("192.168.1.0/24")

இதில் மொத்தம் 256 முகவரிகள். வலை.ஹோஸ்ட்ஸ்() கொடுப்பது 254. முதல் முகவரி வலையமைப்புக்கும் கடைசி முகவரி பிராட்காஸ்டுக்கும் (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவது) போய்விடும்.

இங்கே "192.168.1.10/24" என்று எழுதினால் நூலகம் பிழை காட்டும். /24 என்றால் கடைசி 8 பிட்டும் சுழியமாக இருக்க வேண்டும், இங்கே 10 இருக்கிறது. ஸ்ட்ரிக்ட்=ஃபால்ஸ் என்று சேர்த்தால் பிழை மறைந்து 192.168.1.0/24 கிடைக்கும். இணையத்தில் பலர் இதையே தீர்வாகச் சொல்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. ஃபயர்வால் விதிகளைப் படிக்கும் நிரலில் அந்தப் பிழைதான் தட்டச்சுத் தவறைக் காட்டிக்கொடுக்கும். ஒரு கணினியின் முகவரி, அதன் வலையமைப்பு இரண்டும் சேர்ந்தே வேண்டுமென்றால் அதற்கென்றே ஐபி_இன்டர்ஃபேஸ் இருக்கிறது.

படி 3: உள்ளே இருக்கிறதா?

முகவரி இன் வலை

விடை ட்ரூ. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இந்த ஒரு வரி போதும், /26 ஆனாலும் மாற்ற வேண்டியதில்லை. இடப்பக்கத்தில் வெறும் சரத்தை (மேற்கோள் குறிக்குள் எழுதும் எழுத்துத் தொடர்) வைத்துவிடாதீர்கள். ஃபால்ஸ் வராது, ஆட்ரிபியூட்எரர் வந்து நிரல் நின்றுவிடும். கோப்பிலிருந்து எடுத்த ஒவ்வொரு முகவரியையும் முதலில் படி 1 வழியாக அனுப்புங்கள்.

படி 4: பிரித்தல், வரிசைப்படுத்தல்

வலை.சப்நெட்ஸ்(நியூ_பிரிஃபிக்ஸ்=26) நான்கு துண்டுகளைத் தரும்; அவற்றின் முதல் முகவரிகளின் கடைசி எண் முறையே 0, 64, 128, 192.

சரங்களாக வரிசைப்படுத்தினால் 192.168.1.10 என்பது 192.168.1.9-க்கு முன்னால் வந்து நிற்கும். சார்ட்டட் கட்டளையில் கீ=ஐபிஅட்ரஸ்.ஐபி_அட்ரஸ் என்று சேர்த்தால் சரியாகும். பதிப்பு 4, பதிப்பு 6 முகவரிகள் கலந்திருந்தால் டைப்எரர் வரும், முகவரி.வெர்ஷன் பார்த்து முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்.

தனியார் முகவரியா (உள் வலையமைப்புகளுக்கென ஒதுக்கியதா) என்று அறிய முகவரி.இஸ்_பிரைவேட் போதும். 172 என்று தொடங்குவதெல்லாம் தனியார் அல்ல, 172.16 முதல் 172.31 வரைதான் என்பதை அது நம்மைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கும்.

பதிப்பு 6 முகவரிகளுக்கும் இதே செயற்கூறுகள்தான். ஒன்று மட்டும்: /64 வலையமைப்பின் ஹோஸ்ட்ஸ்() முடிவை லிஸ்ட்() என்று பட்டியலாக்க முயல வேண்டாம். அதில் 2-இன் 64-ஆம் அடுக்கு முகவரிகள். நினைவகம் நிரம்பிக் கணினி திணறும். ஃபார் சுழற்சியில் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு பிரேக் போடுங்கள்.