பூர்வகுடித் திரைக்கலைஞரின் வாழ்க்கையை எழுதும் முறை

பூர்வகுடி நடிகர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுத முற்படுவோர் பெரும்பாலும் முதலில் அவர் நடித்த படங்களின் பட்டியலைத் தேடுகின்றனர். அதைச் சற்று ஒதுக்கிவைத்து, அவருடைய பெயரிலிருந்து தொடங்குங்கள். வான்கூவருக்கு அருகே 1899-இல் பிறந்த கெஸ்வனூத் ஸ்லாஹூட், சிறு வயதில் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டபோதுதான் டான் ஜார்ஜ் ஆக்கப்பட்டார். துறைமுகத்தில் பல ஆண்டுகள் சுமை ஏற்றி இறக்கிய அவர், தம் மக்களின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அறுபது வயதையொட்டியே நடிப்புக்கு வந்தார். 1970-இல் வெளிவந்த 'லிட்டில் பிக் மேன்' படத்துக்கு அவர் பெற்ற ஆஸ்கர் பரிந்துரையிலிருந்து மட்டும் தொடங்கினால், அந்த வாழ்வின் பெரும்பகுதி விடுபட்டுவிடும்.

அடுத்ததாக, அவர் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்பதை அம்மக்கள் தங்களுக்கு வழங்கிக்கொள்ளும் பெயராலேயே குறிப்பிடுங்கள். 'ஆஸ்திரேலியப் பழங்குடி' என்று எழுதி நிறுத்திவிடுவது போதாது; நடிகர் டேவிட் குல்பிலில், ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலுள்ள ஆர்னெம் லேண்டின் யோல்ங்கு மக்களில் ஒருவர். பூர்வகுடி என்ற உரிமைகோரலைச் சரிபார்ப்பதும் இந்தக் கட்டத்தின் வேலையே. பல்லாண்டுகள் அமெரிக்கப் பூர்வகுடியாக அறியப்பட்ட நடிகர் அயர்ன் ஐஸ் கோடி, லூசியானாவில் இத்தாலியக் குடியேறிகளுக்குப் பிறந்தவர் என்பது 1996-இல் வெளிப்பட்டது. ஆகவே, விளம்பரச் செய்தியைவிடப் பிறப்புப் பதிவையும் சமூகத்தாரின் சொல்லையும் நம்புங்கள்.

தேதிகளிலும் கவனம் தேவை. குல்பிலிலின் பிறந்த ஆண்டான 1953, மிஷனரிகள் உத்தேசமாகக் குறித்தது என்பதால் 'ஏறத்தாழ' என்ற சொல்லைத் தயங்காமல் சேர்க்கலாம். 1971-இல் வெளியான அவருடைய முதல் படத்தின் பெயர்ப்பட்டியலிலேயே 'கும்பிலில்' என்று பிழையாக அச்சிட்டிருந்தார்கள் என்பதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது. இத்தகைய விவரத்தை அடிக்குறிப்புக்குத் தள்ளாமல் கட்டுரையின் உடலிலேயே வையுங்கள்.

படங்களைப் பற்றி எழுதும்போது, கலைஞர் யாருடைய கதையில் நடித்தார், எந்த மொழியில் பேசினார், கதையை உருவாக்குவதில் அவருக்குப் பங்கிருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 2006-இன் 'டென் கனூஸ்' படத்தின் கதைசொல்லியாக ஒலிப்பது குல்பிலிலின் குரல். 'சார்லிஸ் கன்ட்ரி' படத்தின் திரைக்கதையை இயக்குநர் ரோல்ஃப் டி ஹீருடன் சேர்ந்து எழுதிய அவருக்கு, 2014-இல் கான் திரைப்பட விழாவின் ஒரு பிரிவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அந்தப் படத்துக்கான பேச்சு, 2011-இல் குடும்ப வன்முறைக் குற்றத்துக்காக அவர் சிறையில் இருந்தபோது தொடங்கியது. இதை மறைக்கவும் கூடாது, 'வீழ்ச்சி' என்ற பழகிப்போன வார்ப்பில் அவர் வாழ்வு முழுவதையும் ஊற்றவும் கூடாது. பாதிக்கப்பட்டவரின் தரப்பை நினைவில் வைத்து, நீதிமன்றப் பதிவில் உள்ள அளவுக்கே சொல்லுங்கள்.

அமைப்புகளை உருவாக்கியவர்களின் உழைப்புக்கும் இடமளியுங்கள். தொலைக்காட்சியில் துணைப்பாத்திரமாகவே நினைவுகூரப்படும் மோஹாக் பூர்வகுடி நடிகர் ஜே சில்வர்ஹீல்ஸ், 1960-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் பூர்வகுடி நடிகர்களுக்கான பயிற்சிப் பட்டறையை நிறுவினார்.

இறந்தவரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால், குடும்பத்தாரின் விருப்பத்தை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். 2021 நவம்பரில் குல்பிலில் மறைந்தபோது, மறைந்தவரின் பெயரைச் சொல்லாத மரபுக்கு மதிப்பளித்து டேவிட் தலைத்ங்கு என்ற பெயரையே பயன்படுத்தும்படி குடும்பத்தார் கேட்டுக்கொண்டனர். மறைந்தவர்களின் பெயரும் படமும் இடம்பெறுகின்றன என்ற முன்னறிவிப்பை ஆஸ்திரேலிய ஊடகங்கள் பலவும் தொடக்கத்திலேயே தருகின்றன; நீங்களும் அதை முதல் பத்திக்கு மேலே வையுங்கள்.