அமெரிக்க அரசியல் செய்தி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

போன வாரம் டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ‘அமெரிக்காவில் புதிய சட்டம்’ என்று தலைப்புப் போட்டுக்கொண்டு வந்தார். படித்துப் பார்த்தால், பிரதிநிதிகள் சபையில் ஒரு மசோதா தேறியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்குப் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. காங்கிரஸ் என்றால் அங்கே கட்சி இல்லை, நாடாளுமன்றம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு சபையில் தேறியதைச் சட்டம் என்று எழுதுவது

2017 மே 4. ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரின் முக்கியப் பகுதிகளை நீக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 217க்கு 213 என்று தேறியது. வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் டிரம்ப்பும் குடியரசுக் கட்சியினரும் சிரித்தபடி நிற்கும் படம் வந்தது. ‘ஒபாமாகேர் ரத்து’ என்று நாலு காலத் தலைப்புப் போட்டேன். மசோதா அடுத்துத் தேற வேண்டிய இன்னொரு சபையான செனட்டிலும் அவர்களுக்கு 100க்கு 52 இடம். கொறடா உத்தரவு போட்டால் முடிந்தது கதை என்று நம்மூர்க் கணக்கு.

அங்கே கட்சித் தாவல் தடைச் சட்டமே கிடையாது. கொறடா உண்டு, கெஞ்சலாம், மிரட்டலாம், உறுப்பினர் பதவியைப் பறிக்க முடியாது. ஜூலை 28 அதிகாலை, சுருக்கிய மசோதா ஒன்று செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. மூளைப் புற்றுநோய் என்று அறிவித்து பத்து நாள்கூட ஆகாத குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் முன்னால் வந்து நின்று, கையை நீட்டி, கட்டைவிரலைக் கீழே கவிழ்த்தார். சொந்தக் கட்சியிலேயே சூசன் காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கி இருவரும் ஏற்கெனவே எதிர்ப்பு. 49க்கு 51. மசோதா தோற்றது.

நியூஜெர்சியில் மகளைக் கட்டிக்கொடுத்த வாசகர் ஒருவர் போன் செய்தார்: “மே மாசமே ரத்துன்னு போட்டீங்களே தம்பி, இப்ப எது தோத்துது?” என்னிடம் பதில் இல்லை.

இத்தனைக்கும் அது சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற பட்ஜெட் வழியில் வந்தது. மற்ற மசோதாக்களில் பெரும்பாலானவற்றுக்கு, விவாதத்தை முடிக்கவே செனட்டில் 100க்கு 60 வாக்கு வேண்டும். ‘நிறைவேறியது’ என்று எழுதும் முன் எந்தச் சபை என்று பாருங்கள். அப்புறம் அந்த 60 எங்கிருந்து வரும் என்று எண்ணுங்கள்.

அரசு முடங்கினால் ‘திவால்’ என்பது

நிதி ஒதுக்கீடு காலாவதியானால் அலுவலகங்கள் மூடும். 2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாள் நீடித்தது. அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற உச்சவரம்புச் சண்டை வேறு. அது வாங்கிய கடனைக் கட்ட முடியுமா என்ற கேள்வி.

நிர்வாக ஆணை

அதிபர் தானே போடும் உத்தரவு, சட்டம் இல்லை. டிரம்ப் போட்டவற்றில் பலவற்றை 2021 ஜனவரி 20 அன்று பைடன் நீக்கினார். பைடன் போட்டவற்றில் பலவற்றை 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் நீக்கினார்.

சிவப்பு மாநிலம்

குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் மாநிலம். கம்யூனிஸ்ட் தோழர்கள் இல்லை.