பிள்ளைக்கு முதல் கார்: கையைக் கடிக்காமல், பாதுகாப்பாக வாங்குவது எப்படி?

பிள்ளை லைசென்ஸ் எடுத்த கையோடு வீட்டில் கார் பேச்சு ஆரம்பித்துவிடும். அவர்கள் மனதில் ஒரு பட்டியல் இருக்கும்: நிறம், சன்ரூஃப், நல்ல ஸ்பீக்கர். உங்கள் மனதில் வேறொரு பட்டியல்: விலை, மைலேஜ், எவ்வளவு கிலோமீட்டர் ஓடியது. இரண்டு பட்டியலிலும் பெரும்பாலும் விட்டுப்போகும் கேள்வி ஒன்று உண்டு. புதிதாக ஓட்டுபவர் தவறு செய்யும் அந்த நொடியில், இந்த வண்டி என்ன செய்யும்?

முதல் ஒன்றிரண்டு வருடங்களில் தவறு நடக்கத்தான் செய்யும். வளைவில் வேகம் கூடிவிடும், பிரேக்கைத் தாமதமாக மிதிப்பார்கள், பயத்தில் ஸ்டீயரிங்கை ஒரே வெட்டாக வெட்டுவார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளும் வண்டியைத்தான் தேடுகிறோம். இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் பாதி முடிவுகள் தானாகவே வந்துவிடும்.

படி 1: பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் இருக்கும் மொத்தத்தையும் வண்டி விலையிலேயே கொட்டிவிடாதீர்கள். இன்சூரன்ஸ், வாங்கிய உடனே வரும் வேலை என்று இன்னும் இரண்டு செலவுகள் காத்திருக்கின்றன. வாங்கும்போது பழைய காரின் டயர், பேட்டரி, பிரேக் பேட் எல்லாம் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, அதைத் தொடாமல் வைத்திருங்கள்.

இன்சூரன்ஸ் தொகையை வண்டி வாங்கிய பிறகு கேட்பவர்கள்தான் அதிகம். வரிசையை மாற்றுங்கள். மனதில் உள்ள மாடல்களுக்கு, ஓட்டப்போவது இளவயதுப் பிள்ளை என்று சொல்லி முதலிலேயே கேளுங்கள். ஓட்டுநரின் வயதைப் பார்த்துக் கட்டணம் போடும் இடங்களில் இளவயதுக்காரர்களுக்குத்தான் அதிகம் வரும். மாடலுக்கு மாடல் வித்தியாசமும் வரும். விலை குறைவு என்று நினைத்த கார் வருடக் கணக்கில் அதிகம் கேட்பதும் உண்டு.

படி 2: வேண்டாததை முதலில் கழியுங்கள்

மிகச் சிறிய காரைத் தள்ளுங்கள். கனமான வண்டியும் இலகுவான வண்டியும் மோதினால், இலகுவான வண்டியில் இருப்பவருக்குத்தான் அடி அதிகம். இது இயற்பியல், இதில் பேரம் இல்லை. அதற்காகப் பெரிய பிக்கப்பையோ மூன்று வரிசை இருக்கை வண்டியையோ வாங்கவும் வேண்டாம். நிறுத்த அதிக தூரம் வேண்டும், திருப்புவது சிரமம், கூடவே நண்பர்கள் ஏழு பேர் ஏறிக்கொள்வார்கள். நடுத்தர செடான் அல்லது சிறிய எஸ்யூவி போதும்.

எஞ்சின் சக்தியும் அப்படித்தான். ஒரே மாடலில் சாதாரண எஞ்சினும் இருக்கும், டர்போ போட்ட வேக வகையும் இருக்கும். சாதாரணத்தை எடுங்கள். பிள்ளை முகம் சுளிக்கும், பரவாயில்லை.

"அந்தக் காலத்து வண்டி இரும்பு மாதிரி இருக்கும், அதுவே பாதுகாப்பு" என்று சொல்ல எல்லாக் குடும்பத்திலும் ஒரு பெரியவர் இருப்பார். 2009-இல் அமெரிக்காவின் ஐஐஎச்எஸ், அதாவது காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 1959 மாடல் செவர்லே பெல் ஏரையும் 2009 மாடல் செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய காரில் ஓட்டுநர் இருக்கும் பகுதியே நசுங்கிப்போனது. புதிய காரின் மூக்கு மடங்கியது, உள்ளறை அப்படியே நின்றது. நசுங்க வேண்டிய இடம் நசுங்கி மோதலை வாங்கிக்கொள்வதால்தான் உள்ளே இருப்பவர் பிழைக்கிறார். அந்தப் பெரியவருக்கு இந்தச் சோதனையின் வீடியோவைக் காட்டிவிடுங்கள்.

படி 3: ஈஎஸ்சி இல்லாத வண்டியைத் தொடாதீர்கள்

ஒரே ஒரு அம்சத்தைத்தான் கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன். ஈஎஸ்சி என்பது வண்டி வழுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டையும் அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து, எஞ்சின் வேகத்தையும் குறைத்து, வண்டியை வழிக்குக் கொண்டுவரும். ஓட்டுபவர் சுதாரிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். ஈரச் சாலையில் ஸ்டீயரிங்கை வெட்டும் புது டிரைவருக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது.

பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ்-பென்ஸும் சேர்ந்து 1995-இல் இதைச் சொகுசு கார்களில் கொண்டுவந்தன. 1997-இல் ஸ்வீடன் பத்திரிகை ஒன்றின் சோதனையில், சாலையில் திடீரெனக் குறுக்கே வரும் மிருகத்தைத் தவிர்ப்பது போல ஓட்டிப் பார்த்தபோது, மெர்சிடிஸின் புத்தம்புது ஏ-கிளாஸ் கவிழ்ந்தே போனது. அந்தச் சிறிய காரின் சஸ்பென்ஷனை மாற்றியதோடு, எல்லா ஏ-கிளாஸிலும் ஈஎஸ்சியைப் பொருத்தித்தான் நிறுவனம் மீண்டும் விற்றது. சொகுசுக் காருக்கு மட்டும் என்று இருந்தது சாதாரணக் காருக்கும் இறங்கியதில் அந்தக் கவிழ்ந்த காருக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் 2012 மாடல் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் விற்ற எல்லாப் புதுக் கார்களிலும் இது கட்டாயம். மற்ற இடங்களில் வண்டிக்கு வண்டி பார்த்துத்தான் ஆக வேண்டும்.

விற்பவரிடம் கேட்டால், "ஏபிஎஸ் இருக்கு சார்" என்பார். அது வேறு. ஏபிஎஸ் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். நிறுவனத்துக்கு நிறுவனம் ஈஎஸ்பி, விஎஸ்சி, டிஎஸ்சி என்று பெயர் மாறும். பெயரை நம்பாமல் கண்ணால் பாருங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால், பின்னால் வளைந்த கோடுகளுடன் ஒரு குட்டிக் காரின் படம் டேஷ்போர்டில் எரிந்து, கொஞ்ச நேரத்தில் அணையும். அப்படி ஒன்று வரவே இல்லை என்றால், ஓட்டுநர் கையேட்டைப் பார்த்து உறுதி செய்யும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

பணம் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தால், முன்னால் போகும் வண்டியில் இடிக்கப்போகிறது என்று தெரிந்தால் தானாகவே பிரேக் போடும் வசதி உள்ளதைத் தேடுங்கள். பின்னால் போய் இடிக்கும் விபத்துகளை அது ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பதாக ஐஐஎச்எஸ் கண்டிருக்கிறது. சன்ரூஃபுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம்.

படி 4: நட்சத்திரத்தோடு வருடத்தையும் பாருங்கள்

மோதல் சோதனை மதிப்பெண்களை யூரோ என்கேப், குளோபல் என்கேப், ஐஐஎச்எஸ் போன்ற அமைப்புகள் இணையத்தில் இலவசமாகவே வெளியிடுகின்றன. "ஐந்து நட்சத்திரம்" என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எந்த வருடச் சோதனை என்பது முக்கியம். ஃபியட் புன்டோ 2005-இல் யூரோ என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. கிட்டத்தட்ட அதே கார் 2017-இல் வாங்கியது பூஜ்யம். கார் கெட்டுப்போகவில்லை, பரீட்சை கடினமாகிவிட்டது.

எந்தச் சந்தைக்காகச் செய்த வண்டி என்பதும் முக்கியம். 2016-இல் ஒரே நிறுவனத்தின் இரண்டு மலிவு செடான்களை மோதவிட்டுப் பார்த்தார்கள்: மெக்சிகோவில் விற்ற நிஸான் சுரு, அமெரிக்காவில் விற்ற நிஸான் வெர்ஸா. சுருவில் ஓட்டுநருக்குப் பதிலாக வைத்த பொம்மை ஒரு மனிதராக இருந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பே இல்லை என்ற நிலை. ஆக, வெளிநாட்டு மாடலின் மதிப்பெண்ணைக் காட்டி யாராவது விற்க வந்தால் கவனம். அப்புறம், நேர்மோதல் மதிப்பெண்ணை ஒரே அளவுள்ள கார்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். குட்டிக் காரின் ஐந்தும் பெரிய காரின் ஐந்தும் ஒன்றல்ல.

படி 5: பிள்ளையை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வையுங்கள்

பார்க்கப் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். நிறத்தைத் தேர்ந்தெடுக்க அல்ல. பிரேக்கை முழுவதும் மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும், ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. குட்டையான பிள்ளைகள் பெடலை எட்டுவதற்காக ஸ்டீயரிங்கை ஒட்டி உட்கார்ந்துவிடுவார்கள், இருக்கை உயரத்தையும் ஸ்டீயரிங்கையும் நகர்த்த முடிகிற வண்டியில் இது சரியாகும். அப்படியே திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்கண்ணாடி வழியாக எதுவும் தெரியவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.

படி 6: கிட்டப் போய்ப் பாருங்கள்

பளபளப்பு ஏமாற்றும். பாதுகாப்புச் சாமான்கள் ஏமாற்றாது, எங்கே பார்ப்பது என்று தெரிந்தால்.

சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம்: ஏற்கெனவே விரிந்த ஏர்பேக்கை மாற்றாமல், விளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். நார் பிரிந்திருக்கிறதா, சேற்றுக் கறை இருக்கிறதா? வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவார்கள், உள்ளே சுருண்டிருக்கும் கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லை. வெள்ளத்தில் கிடந்த வண்டி அங்கேதான் மாட்டிக்கொள்ளும். வெடுக்கென இழுத்தால் பெல்ட் பூட்டிக்கொள்ள வேண்டும்.

டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். துருவோ, தொழிற்சாலை வேலை போல இல்லாத வெல்டிங்கோ தெரிந்தால் பின்னால் பலமாக இடிபட்ட வண்டியாக இருக்கலாம்.

டயரின் பக்கச் சுவரில் DOT (டாட்) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் அதன் பிறந்த நாள். 3518 என்றால் 2018-இன் 35-வது வாரம். பத்து வருடம் தாண்டியதை, பூ (தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளங்கள்) தேயாமல் இருந்தாலும் மாற்றச் சொல்கிறார்கள் டயர்காரர்கள். பூவின் ஆழத்துக்குப் பல நாடுகளில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர். பிள்ளை ஓட்டப்போகும் வண்டிக்கு அந்த எல்லை வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்து, 17 எழுத்தும் எண்ணும் கொண்ட வண்டி அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைப்பது, நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரம் இதற்கு உதாரணம். வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கிடந்த ஊதுகருவிகள் வெடித்து உலோகத் துண்டுகளை வீசியதால் பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. ரீகால் வேலைக்குப் பொதுவாகக் காசு வாங்க மாட்டார்கள். முந்தைய உரிமையாளர் கொண்டுபோகாமல் விட்டிருப்பார், அவ்வளவுதான்.

படி 7: ஓட்டிப் பாருங்கள், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்

எஞ்சின் சூடாகாத நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நேர்ச் சாலையில் பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. விற்பவர் சிபாரிசு செய்யும் மெக்கானிக் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவர் போதும். அவர் தூக்கி வைத்து அடியில் பார்ப்பதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

படி 8: சாவி கைமாறும் முன்

பதிவை மாற்றிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸில் பிள்ளை ஓட்டுவதை மறைக்காதீர்கள், மறைத்தால் இழப்பீடு கேட்கும் நாளில் கைவிரித்துவிடுவார்கள். ஃபோர்டின் மைகீ, செவர்லேயின் டீன் டிரைவர் போன்ற வசதிகள் சில கார்களில் இருக்கும். வேக எல்லை வைக்கலாம், பெல்ட் போடும்வரை பாட்டு ஒலிக்காமல் செய்யலாம். வாங்கிய காரில் இருந்தால் பிள்ளைக்குத் தெரியாமல் அல்ல, தெரிந்தே போட்டுவிடுங்கள்.

இளவயது ஓட்டுநரோடு சக வயதுக்காரர்கள் ஏற ஏற ஆபத்து கூடும், இரவில் இன்னும் கூடும். நியூசிலாந்து 1987-லேயே புதியவர்களுக்குப் படிப்படியாக உரிமம் தரும் முறையைக் கொண்டுவந்து, ஆரம்பத்தில் இரவு ஓட்டத்துக்கும் உடன் வருபவர்களுக்கும் கட்டுப்பாடு வைத்தது. உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் வீட்டுச் சட்டமாக வைக்கலாம்: முதல் ஆறு மாதம் நண்பர் ஒருவருக்கு மேல் வேண்டாம், இருட்டிய பிறகு பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். எழுதி, பிள்ளையும் நீங்களும் கையெழுத்துப் போட்டு வண்டிக்குள் வைத்துவிடுங்கள். பிறகு டயர் காற்றழுத்தம் பார்ப்பதையும் ஸ்டெப்னி மாற்றுவதையும், வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே ஒரு தடவை அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள்.